முதலில் வயதைப் பாருங்கள்: மைனர் லீக் பேஸ்பாலில் இளம் வீரர்களை எடைபோடக் கற்றுக்கொள்வது

டாலஸுக்கு வடக்கே உள்ள பிரிஸ்கோவில் ஒரு பேஸ்பால் மைதானம் இருக்கிறது. வலப்பக்க வேலிக்கு அப்பால் செயற்கை ஓடை ஒன்றை அமைத்து, மிதவையில் படுத்தபடியே ஆட்டம் பார்க்க வழி செய்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போன முதல் மூன்று முறையும் நான் பார்த்தது அந்த ஓடையைத்தான். நான்காம் முறை ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் டிக்கெட் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் நோட்டு. உள்ளூர் அணி ஹோம் ரன் அடித்துக் கூட்டமே எழுந்து நின்றபோது அவர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும், யார் வென்றது என்று என்னிடம் கேட்டார்.

அன்று தொற்றிக்கொண்ட பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீக்கில் நாளை ஆடப்போகும் பையன்களை இன்றே அடையாளம் காண்பது, அவர்களை வரிசைப்படுத்துவது, பிறகு கணிப்பு பொய்த்துப்போய் அசடு வழிவது: இதையே பொழுதாக வைத்திருக்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. அவர்கள் துருவித் தேடும் இளம் வீரருக்குப் பெயர் ‘பிராஸ்பெக்ட்’. பேஸ்பால் விதிகள் ஓரளவு தெரிந்த, ஆனால் இந்தக் கூட்டத்துக்குப் புதியவரான ஒருவருக்குச் சொல்வதாக நினைத்து இதை எழுதுகிறேன்.

ஏணியின் படிகள்

மேஜர் லீக்கின் 30 கிளப்புகள் ஒவ்வொன்றுக்கும் கீழே, சீசன் முழுவதும் ஆடும் நான்கு அணிகள் உண்டு. அடியில் சிங்கிள்-ஏ, அதற்கு மேல் ஹை-ஏ, பிறகு டபுள்-ஏ, உச்சியில் டிரிபிள்-ஏ. ஆக 120 அணிகள். மைனர் லீக் என்பது இந்த அடுக்குகள்தான். இவற்றுக்கும் கீழே அரிசோனாவிலும் புளோரிடாவிலும் பயிற்சி வளாகங்களில் நடக்கும் தொடக்கநிலை லீக்குகளும், டொமினிகன் குடியரசில் பெரும்பாலும் பதின்வயதினர் ஆடும் கோடைக்கால லீக்கும் இருக்கின்றன. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் 20 சுற்று டிராஃப்ட் (கிளப்புகள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வழியாக வருகிறார்கள். வெனிசுவேலா, டொமினிகன் போன்ற நாடுகளின் பையன்களை 16 வயதிலேயே ஒப்பந்தம் செய்யலாம்.

மேஜர் லீக்கில் 130 முறைக்கு மேல் மட்டைபிடித்தவரையும் 50 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவரையும் பட்டியல் போடுபவர்கள் பிராஸ்பெக்ட் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். உங்கள் பட்டியலுக்கும் அதே எல்லை போதும்.

எடுத்த எடுப்பிலேயே 120 அணிகளையும் பின்தொடர ஆசைப்படாதீர்கள். ஒரே ஒரு கிளப்பைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் டபுள்-ஏ அணியில் தொடங்குங்கள். ஏணியில் வழுக்கும் படி அதுதான். கீழே வேகப்பந்தை மட்டும் அடித்துப் பெயர் வாங்கியவர்கள், வளைந்து விழும் பந்தைச் சொன்ன இடத்தில் போடத் தெரிந்த பந்துவீச்சாளர்களை முதன்முதலாக எதிர்கொள்வது அங்கேதான். பிரிஸ்கோவில் ஆடுவது டெக்சஸ் ரேஞ்சர்ஸின் டபுள்-ஏ அணி என்பது என் அதிர்ஷ்டம்.

நோட்டில் முதல் கட்டம் வயதுக்கு

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் 70 வாங்குகிறான். அதே தேர்வை மூன்றாம் முறை எழுதுபவன் 95 வாங்குகிறான். யாரைப் பற்றி வாத்தியார் வீட்டில் போய்ப் பேசுவார்? மைனர் லீக் புள்ளிவிவரம் முழுவதும் இந்த ஒரு கேள்விதான்.

சராசரி வயது சிங்கிள்-ஏவில் சுமார் 21, டபுள்-ஏவில் சுமார் 24, டிரிபிள்-ஏவில் 26ஐ ஒட்டி இருக்கும். இந்த எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். டிரிபிள்-ஏவில் 28 வயதுக்காரர் ஒருவர் ஹோம் ரன்களாக விளாசுவார். அவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. மேலே போய்த் திரும்பி வந்த அனுபவத்தோடு, தன்னைவிடக் கத்துக்குட்டியான பந்துவீச்சாளர்களை அவர் அடிக்கிறார். பாவம், அவர்மேல் தவறில்லை. நமக்கு அது செய்தி இல்லை, அவ்வளவுதான்.

மறுபக்கம் ஹுவான் சோட்டோ. 2018 ஏப்ரலில் 19 வயதில் சிங்கிள்-ஏவில் தொடங்கினார். ஹை-ஏ, டபுள்-ஏ என்று ஏறி, மூன்று நிலைகளிலும் சேர்த்து 39 ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில் மே 20 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை மேஜர் லீக்கில் இறக்கியது. டிரிபிள்-ஏ படியை அவர் மிதிக்கவே இல்லை. அந்த 39 ஆட்டங்களின் எண்களைத் தனியாகப் பார்த்தால், சூடாக ஆடிய ஏழு வாரம் என்று ஒதுக்கிவிடலாம். வயதைப் பக்கத்தில் வைத்தால்தான் தலை சுற்றும்.

எனவே, வீரரின் பெயருக்கு அடுத்த கட்டத்தில் வயது, அதற்கடுத்ததில் நிலை. இந்த இரண்டையும் எழுதாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். இரண்டையும் கழித்துப் பாருங்கள்: அந்த நிலையின் சராசரியைவிட மூன்று வயது இளையவர் சுமாராக ஆடினாலும் கவனிக்க வேண்டியவர். இரண்டு வயது மூத்தவர் அபாரமாக ஆடினாலும் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

எந்த எண்ணை நம்பலாம்

பேட்டிங் சராசரியைக் கடைசியில் பாருங்கள். அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். தடுப்பாளர் இல்லாத இடத்தில் பந்து விழுந்தால் ஏறும், கையில் போய் விழுந்தால் இறங்கும். நான் முதலில் பார்ப்பது இரண்டு விகிதங்களை: நூறு வாய்ப்புகளில் எத்தனை ஸ்ட்ரைக்அவுட், எத்தனை வாக். பந்து மட்டையில் படுகிறதா என்பதற்கு முதலாவது சாட்சி. கெட்ட பந்தை விட்டுவிடத் தெரிகிறதா என்பதற்கு இரண்டாவது. மேஜர் லீக்கில் ஸ்ட்ரைக்அவுட் 22, 23 சதவீதமும் வாக் 8, 9 சதவீதமும் இருக்கும் இந்தக் காலத்தில், டபுள்-ஏவில் 20 வயதுப் பையன் ஒருவன் ஸ்ட்ரைக்அவுட் 15, வாக் 12 என்று வைத்திருந்தால் பெயரை அடிக்கோடிடுங்கள். 30 சதவீதம் ஸ்ட்ரைக்அவுட் ஆகிறவர் எத்தனை ஹோம் ரன் அடித்தாலும், மேலே போனால் அந்த ஓட்டை பெரிதாகத்தான் செய்யும்.

அடுத்தது அடியின் வலு. ஒவ்வொரு அடியையும் எத்தனை பேஸ் என்று எண்ணிப் போடும் ஸ்லக்கிங் சராசரியிலிருந்து பேட்டிங் சராசரியைக் கழித்தால், வெறும் ஒற்றை பேஸ் அடிகள் விலகி, நெடிய அடிகளின் கணக்கு மட்டும் மிஞ்சும். இப்போது இன்னொரு வசதியும் இருக்கிறது. 2023 முதல் டிரிபிள்-ஏ ஆட்டங்களில் மட்டையிலிருந்து பந்து கிளம்பும் வேகம் பொதுமக்கள் பார்வைக்கே கிடைக்கிறது. மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டருக்கு மேல் போனால் பலமான அடி என்று கணக்கு.

ஆனால் எந்த மைதானத்தில் அடித்தார்? இதைக் கேட்காமல் நான் ஒரு முழு சீசன் ஏமாந்திருக்கிறேன். அரிசோனா டைமண்ட்பேக்ஸின் டபுள்-ஏ அணி ஆடுவது டெக்சஸின் வடமேற்கில் உள்ள அமரில்லோவில். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, பந்து நிற்காமல் பறக்கும். அங்கிருந்து பதவி உயர்வு பெற்றால் போவது நெவாடாவின் ரீனோ. அது இன்னும் உயரம். ஆக, அந்தக் கிளப்பின் மட்டையாளர் ஒருவர் இரண்டு படிகளைத் தொடர்ந்து மலைக்காற்றில் ஏறுகிறார். அவருடைய எண்கள் பருத்துத் தெரியும். அதே மைதானங்களில் வீசும் பந்துவீச்சாளரின் எண்களைப் பார்த்தால் அழுகை வரும். இந்தச் சிக்கலுக்கு எளிய மருந்து, வீட்டு மைதானம், வெளி மைதானம் என்று எண்களைப் பிரித்துப் பார்ப்பது.

இன்னொன்று: இரண்டு வாரக் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஏப்ரல் மாத எண்களைப் பார்த்துக் குதித்தவர்கள் ஜூன் மாதத்தில் சத்தம் காட்டாமல் இருப்பார்கள்.

கண்ணால் பார்ப்பது

கிளப்புகளுக்காக ஊர் ஊராகச் சென்று வீரர்களைத் தேடுபவர்களை ஸ்கவுட் என்பார்கள். அவர்கள் மதிப்பெண் போடும் முறை விசித்திரமானது: 20இல் தொடங்கி 80இல் முடியும். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. 60 நல்லது, 70 மிக அருமை, 80 ஒரு தலைமுறைக்குச் சிலரிடம் மட்டும் காணக் கிடைப்பது. பள்ளிக்கூடக் கணக்கில் பழகிய நமக்கு 50 என்றதும் ‘அரைகுறை’ என்று தோன்றும். இங்கே 50 வாங்கியவர் மேஜர் லீக்கில் அன்றாடம் ஆடும் தகுதி பெற்றவர். மைனர் லீக்கில் பெரும்பாலோர் அதைத் தொடுவதே இல்லை.

மட்டையாளருக்கு ஐந்து திறன்கள்: பந்தைத் தொடுவது, வலுவாக அடிப்பது, ஓட்டம், தடுப்பு, எறியும் கை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் எழுத வேண்டும்; இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்து முடிந்தால் எவ்வளவு. 19 வயதுக்காரரின் அடிவலுவுக்கு ‘35, 55’ என்று எழுதுவது சர்வ சாதாரணம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் கிளப் விலை கொடுத்து வாங்குகிறது.

புதியவர் ஓட்டத்தில் தொடங்கலாம், ஏனென்றால் அதில் பொய் சொல்ல முடியாது. மட்டையில் பந்து படும் சத்தத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். முதல் பேஸில் கால் படும்போது நிறுத்துங்கள். வலக்கை மட்டையாளருக்கு 4.3 விநாடி சராசரி, அதாவது 50. இடக்கையாளர் பேஸுக்கு ஓரிரு எட்டு நெருக்கத்தில் கிளம்புவதால் அவருக்கு 4.2. வலக்கையாளர் 4.0 விநாடியில் போய்ச் சேர்ந்தால் 80. அப்படி ஒருவரைப் பார்த்தால் நோட்டை மூடிவிட்டுக் கைதட்டுங்கள். உயிரைக் கொடுத்து ஓடாத ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கேட்சருக்கும் இதே கருவி உதவும்: பந்து அவர் கையுறையில் விழுந்த சத்தத்திலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவரின் கையுறையை அடையும்வரை 2.0 விநாடி ஆனால் சராசரி, 1.9க்குள் என்றால் வலுவான கை.

எங்கே உட்கார்வது? பந்துவீச்சாளரைப் பார்க்க ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால். வலக்கை மட்டையாளரைப் பார்க்க முதல் பேஸ் பக்கம். அங்கிருந்துதான் அவருடைய மார்பும் கைகளும் தெரியும். இடக்கையாளருக்கு மூன்றாம் பேஸ் பக்கம்.

அந்தப் பெரியவரோடு பார்த்த இரண்டாவது ஆட்டம் ஒன்றைச் சொல்கிறேன். ஜூலை மாத வெயில், செவ்வாய்க்கிழமை மாலை. எதிரணியில் இரண்டு பேர்: ஒருவர் 25 வயது, மலைபோன்ற உடம்பு, அன்று இரண்டு ஹோம் ரன்; இன்னொருவன் 20 வயது, இடக்கை மட்டை, நடு வெளிக்களத்தில் தடுப்பு, அன்று நான்கு வாய்ப்புக்குப் பூஜ்யம். என் நோட்டில் முதலாமவருக்கு நட்சத்திரக் குறி போட்டேன். பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. தன் நோட்டை என் பக்கம் திருப்பினார். பையனுக்கு அன்று வீசப்பட்ட பந்துகள் 26. அவற்றில் வெளியே சரிந்து போன ஸ்லைடர்கள் (கடைசி நொடியில் பக்கவாட்டில் வளையும் பந்துகள்) ஐந்து. அவன் மட்டையை வீசியது ஒன்றுக்கு மட்டும். இரண்டாம் பேஸ்காரரிடம் உருண்டுபோன சாதாரணப் பந்துக்கு அவன் ஓடிய நேரம் 4.08. கடைசியில் அவன் அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப்பின் நெஞ்சுக்கு நேராகச் சீறிப் போய்க் கையுறையில் அடங்கியது. மலைபோன்றவர் பக்கத்தில் ஒரே வரி: இரண்டு ஹோம் ரன்னும் நட்டநடுவில் வந்த வேகப்பந்தில், மண்ணில் விழுந்த ஸ்லைடருக்கு மூன்று முறை ஏமாந்தார்.

மறுநாள் அச்சான ஆட்டக் கணக்கில் பையனின் வரி ‘4–0’. நான் என் நட்சத்திரத்தை அழிக்கவில்லை. அந்த நோட்டில் அது இன்னும் இருக்கிறது.

பந்துவீச்சாளர்: பாதி விலைக்கு வாங்குங்கள்

பந்துவீச்சாளரிடம் பார்க்க வேண்டியது மூன்று. நம்பக்கூடிய பந்து வகைகள் எத்தனை? இரண்டு மட்டுமென்றால், பிற்பகுதியில் ஓர் இன்னிங்ஸ் வீச வருபவராகத்தான் முடிவார், மதிப்பெண்ணைக் குறையுங்கள். ஐந்தாவது இன்னிங்ஸிலும் முதல் இன்னிங்ஸின் வேகம் இருக்கிறதா? ஒவ்வொரு பந்துக்கும் உடம்பு ஒரே மாதிரி அசைகிறதா, அல்லது களைத்ததும் முழங்கை கீழே இறங்குகிறதா? மேஜர் லீக் வேகப்பந்தின் சராசரி இன்று மணிக்கு 94 மைலை ஒட்டி, அதாவது 151 கிலோமீட்டராக இருக்கிறது. வேகம் மட்டும் இன்று யாரையும் தனித்துக் காட்டாது.

நாலாவது ஒன்று உண்டு. அது உங்கள் கண்ணுக்கும் தெரியாது, என் கண்ணுக்கும் தெரியாது: தோளும் முழங்கையும். குமார் ராக்கரின் கதையைப் பாருங்கள். தாய்வழியில் இந்திய வம்சாவளி. தந்தை அமெரிக்கக் கால்பந்து வீரர். 2019 ஜூனில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக டியூக்கை எதிர்த்து ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்ட்ரைக்அவுட் ஆக்கினார். கல்லூரிப் பேஸ்பாலில் அந்த ஸ்லைடரைப் பற்றிப் பேசாதவர் இல்லை. 2021 டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அவரைப் பத்தாவதாக எடுத்தது. உடற்பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தமே போடவில்லை. அடுத்த ஆண்டு டெக்சஸ் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது. 2023இல் முழங்கையில் டாமி ஜான் அறுவை சிகிச்சை. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் டாமி ஜான் என்ற பந்துவீச்சாளருக்குச் செய்ததால் அந்தப் பெயர். மீண்டு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். ராக்கர் மேஜர் லீக்கில் முதல் பந்தை வீசியது 2024 செப்டம்பர் 12 அன்று. ஸ்லைடர் அதேதான். இடையில் ஐந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆகவே திறமை சமமாக இருந்தால், மட்டையாளரை மேலேயும் பந்துவீச்சாளரைக் கீழேயும் வையுங்கள். இதில் நான் கறாரானவன். நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள், வரட்டும்.

தடுப்பு இடத்தைப் பற்றிச் சுருக்கமாக: கேட்சர், ஷார்ட்ஸ்டாப், நடு வெளிக்களம் மூன்றும் அரிய இடங்கள், முதல் பேஸ் மலிவான இடம். அரிய இடத்தில் நிலைப்பவர் சுமாராக அடித்தாலே போதும். முதல் பேஸ்காரர் பிளந்துகட்ட வேண்டும்.

வரிசைப்படுத்துவது

இப்போது உங்களிடம் ஒரு கிளப்பின் பதினைந்து, இருபது பெயர்கள் இருக்கும். ஒன்று, இரண்டு என்று எண் போடாதீர்கள். முதலில் கூடைகளில் போடுங்கள். எதிர்காலத்தில் அனைத்து நட்சத்திர அணியில் இடம்பெறக்கூடியவர் 60 கூடையில். அநேகமாக அது காலியாக இருக்கும். அன்றாடம் ஆடக்கூடியவர் 50 கூடையில். மாற்று ஆட்டக்காரர் 45, 40. கூடைக்கும் கூடைக்கும் நடுவில்தான் உண்மையான இடைவெளி இருக்கிறது. பெரிய பட்டியல்களில் 5ஆம் இடத்துக்கும் 20ஆம் இடத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. 60க்கும் 95க்கும் நடுவில் இருப்பது பட்டியல் போட்டவரின் அன்றைய மனநிலை.

ஒரே கூடையில் இருக்கும் இருவரில் யார் மேலே என்று குழம்பினால், இவரைக் கொடுத்து அவரை வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். தயக்கம் வந்தால், கையில் இருப்பவர்தான் மேலே. எவ்வளவு அருகில் இருக்கிறார் என்பதும் கணக்கில் வரும்: டபுள்-ஏவில் இருக்கும் 50, சிங்கிள்-ஏவில் இருக்கும் 50ஐவிட விலை கூடியது.

பெரிய பட்டியல்களைப் பார்த்து மிரள வேண்டாம். ‘பேஸ்பால் அமெரிக்கா’ இதழ் 1990 முதல் ஆண்டுதோறும் முதல் நூறு பேரை வரிசைப்படுத்துகிறது. 1991இல் முதலிடம் பந்துவீச்சாளர் டாட் வான் பாப்பெல். மேஜர் லீக்கில் அவர் வென்றதைவிடத் தோற்றது அதிகம். 1992இல் பிரையன் டெய்லர். தோளில் அடிபட்டு மேஜர் லீக்கை எட்டவே இல்லை. 1993இல் சிப்பர் ஜோன்ஸ். 2018இல் பேஸ்பாலின் புகழ்மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். இதில் வேடிக்கை, 1990 டிராஃப்டில் அட்லாண்டா பிரேவ்ஸ் முதலில் ஆசைப்பட்டது வான் பாப்பெல்மீது. அவர் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லவே, ஜோன்ஸை எடுத்தார்கள். ஹோஸே அல்டூவேயோ எந்த ஆண்டும் அந்த நூறில் இடம்பெறவில்லை. ஐந்தடி ஆறங்குலப் பையன். ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அவரை 15,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2017இல் அமெரிக்கன் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது அவருக்கு.

மேலே ஏறியவர் முதல் மாதம் தடுமாறினால் உடனே பட்டியலைக் கிழிக்காதீர்கள். மைக் ட்ரவுட் 2011இல் 19 வயதில் நுழைந்து 40 ஆட்டங்கள் ஆடி எடுத்த சராசரி .220, அடுத்த ஆண்டு .326, 30 ஹோம் ரன், 49 திருட்டு பேஸ். 2022 டிராஃப்டின் முதல் தேர்வான ஜாக்சன் ஹாலிடே 2024 ஏப்ரலில் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு வந்து, முதல் பத்து ஆட்டங்களில் 34 வாய்ப்புக்கு 2 ஹிட் என்று ஆடித் திரும்ப டிரிபிள்-ஏவுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 20. நோட்டின் முதல் கட்டத்தை மறுபடி பாருங்கள்.

பட்டியலில் தேதி போட்டு வையுங்கள், எழுதியதைத் திருத்தாதீர்கள். புது மதிப்பெண்ணைப் புதுப் பக்கத்தில் எழுதுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை போதும்: சீசனுக்கு முன் ஒன்று, ஜூலை டிராஃப்ட் முடிந்ததும் ஒன்று.

மைதானத்துக்குக் கிளம்பும்போது

மைனர் லீக்கில் ஓர் ஊருக்கு வரும் அணி பொதுவாகச் செவ்வாய் முதல் ஞாயிறுவரை தங்கி ஆறு ஆட்டங்கள் ஆடும். பல அணிகள் ஆறு தொடக்கப் பந்துவீச்சாளர்களைச் சுழற்றுவதால், இந்த வியாழன் வீசியவரை அடுத்த வியாழனும் பார்க்க வாய்ப்பு அதிகம். பிடித்த பந்துவீச்சாளரின் கிழமையைக் குறித்துக்கொண்டு டிக்கெட் எடுங்கள். மட்டையாளரென்றால் ஒரே வாரத்தில் இரண்டு நாள் போவது நல்லது. ஒரு நாளில் நாலு வாய்ப்பு, அதில் ஒன்றும் தெரியாது. ஸ்டாப்வாட்ச், பென்சில், கெட்டி அட்டை நோட்டு. டெக்சஸ் வெயிலில் பேனா மை வியர்வையில் கரைந்து, எனக்கு ஒரு முழு ஆகஸ்ட் மாதம் நீலக் கறையாகப் போயிருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் போய் நிற்காதீர்கள். அன்று ஓய்வு, புல் வெட்டும் வண்டிக்கு வயது என்ன என்று வேண்டுமானால் எழுதிவிட்டு வரலாம்.